உடைக்கக்கூடாத தேங்காய்

எங்களை லாரியிலிருந்து இறக்கிவிட்ட இடத்தில் தெரு என்று ஒன்று இல்லை. அறுத்து முடித்த நெல்வயல்தான் இருந்தது. வரப்புகளை வெட்டிச் சமப்படுத்தி, நாற்பதடிக்கு அறுபதடி என்று கயிறு பிடித்து, மூலைக்கு மூலை மூங்கில் முளை அடித்திருந்தார்கள். முளையில் சிவப்பு மையில் எண் எழுதியிருந்தது. சீட்டுக் குலுக்கலில் எங்களுக்கு விழுந்தது பதினேழு. பதினேழு எங்கே இருக்கிறது என்று லாரிக்காரரிடம் கேட்டேன். அவர் கை காட்டிய திசையில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

பர்மாவில் எண்பத்தெட்டாம் வருடத்துக் கலவரம் அடங்கி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. ரங்கூனுக்குள், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரரின் தாத்தா கப்பலில் மூட்டை தூக்க வந்தவர். அப்பா அங்கேயே கிரேன் ஓட்டினார். இவர் பசுண்டாங் பக்கம் ஒரு மரக்கிடங்கில் வேலை செய்தார். மூன்று தலைமுறை ஒரே சந்தில் இருந்தவர்களை, கதவில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டு ஒரே வாரத்தில் கிளப்பிவிட்டார்கள். வடக்கே ஷ்வேப்யிதாவில் புதுநகரம் வருகிறது, சொந்த மனை கிடைக்கும் என்றார்கள். புதுநகரம் என்ற சொல்லைக் கேட்டு நான் விளக்குக் கம்பமெல்லாம் கற்பனை செய்துவைத்திருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

ஓர் ஊரை உண்டாக்கியவர் என்றால் நாற்சந்தியில் குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருப்பார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் தெருவை உண்டாக்கிய அன்று நான் ஆட்டுக்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். லாரியில் அந்தக் கல்லை ஏற்றும்போது எல்லோரும் சிரித்தார்கள். நான் இட்லி விற்றுப் பிழைத்தவள். கல் இல்லாமல் எங்கே போய் என்ன செய்ய? வயலுக்கு நடுவில் உட்கார அது ஒன்றுதான் இருந்தது.

வீட்டுக்காரர் நாலா பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு கோடை பாப்போம் புள்ள. சரிப்படலைன்னா தாகேதாவுல அண்ணன் வூட்டோட போயி இருந்துக்குவோம்."

"ஒருவாட்டி தூக்கிப் போட்டாங்க, வந்துட்டேன்," என்றேன். "இன்னொருவாட்டி என்னைத் தூக்க யாராலயும் ஆவாது. உங்களாலயுந்தான்."

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். ஆனால் அன்றைக்குச் சொன்னது கோபத்தில் சொன்னதில்லை. அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டு, அடுத்தவள் தன் அடுப்பில் எனக்கு நேரம் ஒதுக்கித் தரும்வரை காத்திருக்க என்னால் முடியாது. என் காலுக்குக் கீழே என்று ஒரு தரை வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் தெருவில் இருபத்துநான்கு மனைகள். எட்டு வீடு தமிழர்கள், மற்றவர்கள் பர்மியர்கள். எதிர்மனையில் இறங்கியவள் மொஹிங்கா விற்கும் பர்மியக்காரி, கைம்பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பர்மியில் அக்காவை 'அமா' என்பார்கள். நான் அவளை அமா என்றேன். அவள் என்னை 'ஞீமலே', தங்கச்சி என்றாள். கூரை போட்ட மூன்றாம் நாளே தெருவின் மேற்குமூலையில் அவள் மீன்குழம்பும் நூடுல்ஸுமாகக் கடை விரித்துவிட்டாள். நான் கிழக்குமூலையில் இட்லித்தட்டை ஏற்றினேன். யார் முதலில் விற்றுத் தீர்த்துப் பாத்திரம் கழுவுகிறோம் என்று இரண்டு பேரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வோம். அவள்தான் பெரும்பாலும் முந்திக்கொள்வாள், அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எங்கள் இருவரையும் ஒரே மாதிரி சோதித்தது தண்ணீர்தான். தெருமுனையில் ஓர் அடிகுழாய் போட்டுத் தந்திருந்தார்கள். அடிக்கும்போது பளிங்காக வரும். குடத்தில் அரைமணி நேரம் வைத்தால் செம்மண் கரைத்ததுபோல் ஆகிவிடும். இரும்புத் தண்ணீர். அதில் தேயிலை போட்டால் மைக்கூடு. என் இட்லி காவி நிறத்தில் வெந்தது. அமா மொஹிங்காவில் போடும் வாழைத்தண்டு கறுத்துப்போய்க் கிடந்தது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு மைல் தள்ளி இருந்த புத்தமடத்துக் குளத்திலிருந்து மாட்டுவண்டிக்காரர் பீப்பாயில் கொண்டுவரவேண்டும். மழைக்காலத்தில் கூரைத்தண்ணீரை ஜாடியில் பிடித்துச் சமாளித்தோம். முதல் கோடையிலேயே மடத்துக் குளம் வற்றிப்போய், வண்டிக்காரர் வருவதை நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம்தான் கூரைகள் இறங்கத் தொடங்கின. ஒரு குடும்பம் போவதென்றால் முதலில் கீற்றுத் தட்டிகளைக் கழற்றிக் கட்டுவார்கள். பிறகு மூங்கிலை உருவுவார்கள். மறுநாள் காலையில் அந்த மனையில் நான்கு குழிகள் மட்டும் இருக்கும். ஒரே கோடையில் ஏழு மனை அப்படிக் காலியானது. எங்கள் வட்டாரத் தலைவர் கெட்ட மனிதர் இல்லை, வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்வார். அவர் ஒருநாள் தெருவில் வந்து நின்று எண்ணிப் பார்த்தார்.

"பன்னிரண்டு மனை காலியாச்சுன்னா, மேலிடத்துல தெருவையே எடுத்துக்குவாங்க. தொழிற்சாலைக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. மிச்சம் இருக்கிறவங்களுக்கு வேற இடத்துல மனை," என்றார்.

மறுபடியும் லாரி, மறுபடியும் முளைக்குச்சி. இன்னும் ஐந்து கூரை இறங்கினால் போதும்.

தெருவின் கோடியில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. பர்மியர்கள் அதன் அடியில் தங்கள் காவல் தேவதைக்கு, 'நாட்' என்பார்கள், ஒரு சிறு மாடம் வைத்திருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம். கோடையிலும் அங்கே பழைய விவசாயிகளின் எருமைகள் வந்து புரளும். நான் ஒருநாள் இட்லி விற்று முடித்ததும் கடப்பாறையை எடுத்துப் போய்க் குத்திப் பார்த்தேன். மேலே ஒரு முழம் செம்மண். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண், மாவு பிசைந்ததுபோல் கையில் ஒட்டியது. அது தண்ணீரை விடாது. ஆழ்துளைக்கு அடியில்தான் இரும்பு. வானத்திலிருந்து வருகிற தண்ணீரில் என்ன இரும்பு? மடத்துக்காரர்கள் குளம் வெட்டிக் குடிக்கும்போது நாம் ஏன் வெட்டக்கூடாது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டுக்காரர் என் கையிலிருந்த களிமண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இட்லி சட்டிய வச்சிட்டு ஏரி வெட்டப் போறியாக்கும்?"

"ஏரி இல்ல. நம்ம மனை அளவுக்கு ஒரு குளம். நீங்க ஞாயித்துக்கெழம மட்டும் வந்தா போதும்."

வீடு வீடாக ஏறி இறங்கினேன். அந்த மழைக்காலம் முழுவதும் இதே பேச்சுத்தான். ஒற்றைக்காலில் நின்றேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். அமா முதலில் சிரித்தாள். பிறகு கறுத்துப்போன வாழைத்தண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வெட்டலாம் என்றாள். அவள் சொன்னால் பர்மிய வீடுகள் கேட்கும். தலைவரும் சரி என்றார். அறுவடை முடிந்து தரை காய்ந்ததும் ஒரு நல்லநாள் பார்த்துத் தொடங்குவதாக முடிவானது.

அன்று காலை தெருவே மரத்தடியில் கூடியது. அமா விடியுமுன் எழுந்து நாட் தேவதைக்குப் படைக்கத் தட்டு அலங்கரித்திருந்தாள். நடுவில் காம்போடு கூடிய முழுத் தேங்காய், சுற்றிலும் மூன்று சீப்பு வாழைப்பழம், வெற்றிலை, ஒரு குவளையில் நாவல் தளிர். இந்தத் தட்டுக்கு 'கடோப்வே' என்று பெயர். நான் ரங்கூனில் பிறந்தவள், நூறு தடவை பார்த்திருக்கிறேன். தெரியாது என்று சொன்னால் பொய்.

தலைவர் எல்லோருக்கும் நடுவில் என்னைக் கூப்பிட்டார். "யோசனை உன்னுது. நீயே செய்," என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். தட்டை நீயே தூக்கி மாடத்தில் வை என்று அர்த்தம். எனக்கோ, உங்கள் வழக்கப்படி நீங்களும் ஒரு பூசை செய்துகொள்ளுங்கள் என்று பெரியமனதாக விட்டுக்கொடுக்கிறார் என்று பட்டது. மனது குளிர்ந்துபோயிற்று. தட்டிலிருந்து தேங்காயை எடுத்தேன். மட்டையோடு இருந்தது. ஐயோ பாவம், உரிக்கத் தெரியாமல் வைத்துவிட்டாள் என்று நினைத்து, பக்கத்தில் நின்றவரின் அரிவாளை வாங்கி நாலு வெட்டில் உரித்தேன். சட்னிக்குத் தினம் உரிக்கிற கை. காம்பும் குடுமியும் தெறித்து விழுந்தன. கூட்டம் மூச்சுக் காட்டவில்லை. என் கைவேகத்தைப் பார்த்து வாயடைத்து நிற்கிறார்கள் என்று எனக்குப் பெருமை வேறு. மூன்று தடவை சுற்றி, அம்மனை நினைத்து, மரத்தடிக் கல்லில் ஓங்கி அடித்தேன்.

சரிபாதியாக உடைந்தது. தலைவரின் லுங்கியில் இளநீர் தெறித்தது. அப்படி ஒரு நல்ல சகுனத்தை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. இரண்டு வெள்ளை மூடிகளையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன்.

எட்டு வீட்டுத் தமிழர்களும் சிரித்தார்கள். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். அமா குனிந்து, காம்பைப் பொறுக்கிக்கொண்டாள். பழச் சீப்புகளைத் திரும்பத் தட்டில் அடுக்கினாள். அந்தக் காம்பு முறியக்கூடாது, தேங்காயில் கீறல்கூட விழக்கூடாது. விழுந்தால் படைப்பே இல்லை, அவமரியாதை. அது எனக்கு நினைவுக்கு வந்தபோது என் இரண்டு கையும் மேலே தூக்கியபடியே இருந்தன.

பர்மியர்கள் ஒருவரை முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள். ஒவ்வொருவராக, வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போனார்கள். கடைசியாக அமா மட்டும் நின்றாள்.

"ஞீமலே, இது உன் கான். எங்க கான் இல்ல," என்றாள்.

பர்மியில் 'கான்' என்றால் குளம். 'கான்' என்றால் தலைவிதி, அதிர்ஷ்டம் என்றும் பொருள். எழுத்தில் வேறுபடும், வாயில் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரத்துக்குள் தெருவில் அதற்கு முழுப்பெயர் வந்துவிட்டது: 'கலாமா கான்.' கலா என்றால் இந்தியாக்காரன், கலாமா என்றால் இந்தியாக்காரி. அந்தச் சொல்லைச் சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் கேட்டிருக்கிறேன். அன்பாகச் சொல்பவர்களும் உண்டு. இங்கே அன்பாகச் சொல்லவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. நான் நல்ல மனதோடு உடைத்தேன். அதற்கு இத்தனை பேர் முகத்தைத் திருப்ப வேண்டுமா? சரி, யாரும் வரவேண்டாம் என்று மண்வெட்டியைத் தூக்கினேன். எட்டுத் தமிழ் வீட்டில் ஒரு வீடு ஜனவரியிலேயே கிளம்பிவிட்டது. மிச்சம் ஏழு வீட்டுக்காரர்கள் வெட்டினோம். காலையில் இட்லி விற்பேன், பதினோரு மணிக்குக் குழிக்குள் இறங்குவேன். வெட்டிய மண்ணைக் கூடையில் சுமந்து சுற்றிலும் கரையாகக் கொட்டினோம், தெருத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போனது. அதே கையால் மாவு கரைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதாகச் சொன்ன என் வீட்டுக்காரர், மரக்கிடங்கிலிருந்து லைன்காரில், எங்கள் ஊர் பஸ்ஸில், தொங்கிக்கொண்டு வந்திறங்கி, தினமும் பொழுது இருக்கிற வரைக்கும் ஒரு மணி நேரம் வெட்டினார். வெட்டும்போது தாகேதா பேச்சை எடுக்கமாட்டார். அதற்காகவே அவர்மேல் எனக்குப் பிரியம் கூடிப்போனது.

மழை இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பு ஆளுயரம் வெட்டி முடித்தோம். ஆடி பிறப்பதற்குள் குளம் நிரம்பிவிட்டது. களி அடங்கித் தெளிந்ததும் ஒரு கை அள்ளிக் குடித்தேன். இனித்தது. குடத்தில் எடுத்து ஒரு நாள் முழுக்க வைத்தேன், நிறம் மாறவில்லை. மறுநாள் என் இட்லி வெள்ளையாக வெந்தது. தட்டைத் திறந்து அந்த வெள்ளையைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் ஏழு வீட்டைத் தவிர ஒருவரும் குடம் எடுத்து வரவில்லை. மழை இருக்கிற வரை அவரவர் ஜாடியில் தண்ணீர் இருந்தது. கார்த்திகை போய், மார்கழி போய், ஜாடிகள் வற்றின. கண்ணெதிரே குளம் நிறைய நல்ல தண்ணீர் கிடக்க, அதைச் சுற்றிக்கொண்டு போய் அடிகுழாயில் இரும்புத் தண்ணீர் பிடித்தார்கள். நாட் கோபமாக இருக்கிற தண்ணீரைக் குடித்தால் வீட்டுக்கு ஆகாது என்று பேச்சு. நான் தெருவில் நின்று கத்தினேன். "உங்க நாட் தேவதைக்கு ஒரு தேங்காதான் பெருசா, நீங்க பெருசில்லையா?" என்று கேட்டேன். கத்தினதில் ஒரு பயனும் இல்லை. இன்னும் இரண்டு கூரை இறங்கியது. பத்து மனை காலி.

பதினொன்றாவது கூரையை நானே பார்த்தேன். இட்லித்தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். எதிரில் அமா ஏணி போட்டு ஏறி, தன் வீட்டுக் கீற்றைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாவ்பியில் தம்பி வீட்டுக்குப் போகிறாளாம். மேற்குமூலையில் அவள் கடை அன்று இல்லை. போட்டிக்கு ஆள் ஒழிந்தாள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மிச்சம் இருந்த கூரைகளை எண்ணினேன். அவள் போனால் அவளைப் பார்த்து இன்னும் ஐந்து வீடு போகும். குளம் இருக்கும், தெரு இருக்காது.

யோசித்துப் பார்த்தேன். வெட்டுகிற வேலை அத்தனையும் செய்தேன். செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று, அது என் வாயால் வரவேண்டியது. 'கடோ' என்ற பர்மியச் சொல்லுக்குக் கும்பிடுவது என்று மட்டும் அர்த்தம் இல்லை. தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள் என்று கேட்டுக் கும்பிடுவது. மன்னிப்புக் கேட்கிற தட்டைத்தான் நான் கல்லில் அடித்து உடைத்திருக்கிறேன். ஒரு வருடம் எல்லோரிடமும் சண்டை போட்டேனே தவிர, அந்த ஒரு சொல்லை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வாய் வரவில்லை என்பதுதான் உண்மை.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் ஏணிக்குக் கீழே போய் நின்றேன்.

"அமா, எறங்குங்க. கடோப்வே வைக்கணும். நான் வைக்கிறேன். எப்டி வைக்கணும்னு நீங்க சொல்லுங்க."

"இப்ப எதுக்கு?" என்றாள், திரும்பாமல்.

"தப்பு பண்ணிட்டேன்," என்றேன். "தெரிஞ்சும் பண்ணிட்டேன். கை அதுபாட்டுக்கு உடைச்சிருச்சு. வாய் மன்னிப்புக் கேக்க மாட்டேன்னுச்சு."

அவள் கையிலிருந்த கீற்றைத் திரும்பக் கூரைமேல் வைத்தாள். பிறகு, "அரிவாள் எடுத்துட்டு வராதே," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. முதுகு குலுங்கியதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

தேங்காயை நானே சந்தையில் பார்த்துப் பார்த்து எடுத்தேன், காம்பு நீளமாக, ஒரு கீறல் இல்லாமல். தட்டை இரண்டு கையிலும் ஏந்தி, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க நடந்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று தலை குனிந்தேன். எனக்கு அது குளம் வெட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. மாடத்தில் தட்டை வைத்துக் குனிந்து எழுந்தபோது, பின்னால் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள்.

அமா குடத்தோடு வந்திருந்தாள். கரையில் இறங்கி, தண்ணீரை முகர்ந்து பார்த்தாள். வாயில் ஊற்றிக் கொப்பளித்தாள். பிறகு முழுங்கினாள். முதல் குவளையைக் கொண்டுபோய்த் தன் வீட்டுப் புத்தர் மாடத்தில் வைத்துவிட்டு, இரண்டாவது குடத்தை எடுக்க வந்தவள், எல்லோரும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னாள்: "இவ்வளவு நல்ல தண்ணியில இந்தக் கலாமா இட்லிதான் அவிக்கிறா. என் மொஹிங்காவ நாளைக்குப் பாரு."

சாயங்காலத்துக்குள் கழற்றிய கீற்றைத் திரும்பக் கட்டினாள். என் வீட்டுக்காரர்தான் ஏணி பிடித்தார். மறுநாள் காலையில் என்னைவிட ஒரு மணி நேரம் முந்தி அவள் விற்றுத் தீர்த்துவிட்டாள். அந்தக் கோடையில் ஒரு கூரைகூட இறங்கவில்லை. அதற்கடுத்த கோடையில் காலி மனைகளில் புதிதாக ஆட்கள் வந்து மூங்கில் நட்டு வீடு கட்டினார்கள். தொழிற்சாலை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் வந்தது, எங்கள் தெருக்காரர்கள் அங்கே வேலைக்குப் போனார்கள்.

எல்லாம் நல்லபடி ஆகியும் ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெயர் போகவில்லை. அலுவலகத்தில் தெருவுக்கு அழகான பர்மியப் பெயர் ஒன்று வைத்து, தகரத்தில் எழுதி மாட்டினார்கள். யாரும் அதைச் சொன்னதில்லை. குளம் கலாமா கான், அதனால் தெருவும் கலாமா கான். சில வருடம் கழித்து நகரத்திலிருந்து லைன்கார் எங்கள் தெருமுனைவரை வந்தபோது, நிறுத்தத்துக்கும் அதே பெயர். கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு உரக்கக் கத்துவார்: "கலாமா கான்! கலாமா கான் இறங்குறவங்க!" எனக்கு உடம்பு கூசும். டிக்கெட் வாங்கவேண்டுமென்றால் அந்தச் சொல்லை என் வாயாலேயே சொல்லவேண்டும். நான் சொல்லமாட்டேன். முந்தின நிறுத்தமான டயர்க்கடைக்கு டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி, வெயிலானாலும் மழையானாலும் பத்து நிமிடம் நடந்தே வீட்டுக்கு வருவேன். அமா சாகிற வரைக்கும் இதற்காக என்னைக் கேலி செய்தாள். "குளத்த வெட்டுறதுக்கு இருந்த தைரியம் பேரச் சொல்றதுக்கு இல்லியே," என்பாள். அவள் போன பிறகும், என் வீட்டுக்காரர் போன பிறகும் நான் டயர்க்கடையிலேயே இறங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து எட்டில் புயல் அடித்து டெல்டாவில் ஊர் ஊராகப் போய்விட்டது. அடுத்த சில மாதங்கள் அங்கிருந்து ஆட்கள் மூட்டையோடு ரங்கூனுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஒருநாள் மத்தியானம், சந்தையில் உளுந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். லைன்காரில் என் பக்கத்தில் ஒருத்தி. முப்பது வயது இருக்கும். மடியில் ஒரு துணிமூட்டை, காலடியில் அலுமினியப் பானை ஒன்று. உதடு வெடித்திருந்தது. நிறுத்தம் வரும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, கலாமா கான் போயிருச்சா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இன்னும் இல்ல. அங்க யாரு இருக்காங்க உனக்கு?"

"யாரும் இல்ல. எங்க பக்கத்துல கிணறு, குளம் எல்லாம் உப்பாயிருச்சு. கலாமா கான்ல எறங்கு, அங்க தண்ணி நல்லா இருக்கும், ஒண்டிக்க இடமும் கெடைக்கும்னு சொன்னாங்க." மூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கலாமா வெளியாளுங்களத் தண்ணி எடுக்க விடுவாளா, ஆன்ட்டி?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, வசை இல்லை. அந்தச் சொல்லை இதற்கு முன் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. ஒரு வீட்டுக்காரியிடம் உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று கேட்பதற்காக மட்டும் சொன்னாள்.

"விடுவா," என்றேன்.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பல வருடப் பழக்கம், கேட்காமலே எனக்கு டிக்கெட் கிழிக்கப் போனார்.

"டயர்க்கடைதானே, ஆன்ட்டி?"

"இல்ல," என்றேன். "கலாமா கான். ரெண்டு பேரு."